மனத்தின் நோயா? ஆலையின் நோயா?

கீரனூரைக் கடந்து புதுக்கோட்டை நோக்கிச் செல்வோர் வழியிலே நார்த்தாமலைக் குன்றுகளைக் காண்பர். மேலமலையின் மீது விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. அதன் எதிரிலே, பாறையைக் குடைந்தெடுத்த பழியிலி ஈச்சுரம். சாத்தன் பழியிலி என்பான் குடைவித்த அக்கோயிலுக்கு, அவன் மகள் பழியிலி சிறிய நங்கை முகமண்டபம் எடுப்பித்தாள் என்று, பல்லவன் நிருபதுங்கன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. 9 ஆம் நூற்றாண்டிலே, இந்த வறண்ட குன்றின்மேல், ஒரு பெண்ணின் பெயர் கல்லிலே ஏறியிருக்கிறது! பெருமைதான். ஆனால் அந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தவர் யார், அவர் தோள் எப்படி வலித்தது என்பது பற்றிக் கல்வெட்டு வாய் திறக்கவில்லை. திறக்காது, எடுப்பித்தவருக்கே கல்வெட்டு, எடுத்தவருக்கில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய தோள்வலிக்காக இன்று நாம் கண்ணீர் வடிப்பதில் பயனில்லை. அதே மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து, கோழி கூவுமுன் எழுந்து, ஆலை வண்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் முன்பெல்லாம் குடும்பமே மூட்டை கட்டிப் புறப்படும். இன்று மகள் மட்டும் புறப்படுகிறாள். சிலர் நாடோறும் சென்று திரும்புகின்றனர். சிலர் திருப்பூருக்கும் கோவைக்கும் திண்டுக்கல்லுக்கும் நூற்பாலை விடுதிகளுக்குப் போகின்றனர். இன்னும் சிலர் திருப்பெரும்புதூருக்குச் சென்று கைப்பேசிக்கு உறுப்புகள் பொருத்துகின்றனர். இந்திய நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கின்றனர் என்று அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே கூறுகிறது. மேடையிலே இதைச் சொல்லி நாம் மார்தட்டிக் கொள்கிறோம். தட்டிக்கொள்ளலாம், தவறில்லை. பெண் படிக்கவேண்டும், சம்பாதிக்கவேண்டும், தன் காலில் நிற்கவேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசியவர்களின் கனவு அது. ஆனால் அந்த நாற்பதுக்குள் ஒருத்தியாக இருப்பவள் இரவிலே உறங்குகிறாளா என்று நாம் கேட்டிருக்கிறோமா?

உறங்குவதில்லை. கண்ணை மூடினாலும் காதிலே எந்திரம் ஓடுகிறது. ஞாயிறு மாலை வந்துவிட்டால் வயிற்றைப் பிசைகிறது. காரணமின்றி அழுகை வருகிறது. குழந்தை மீது கை ஓங்குகிறது. மாதவிலக்கு முறை தவறுகிறது. இதற்கு ‘மன அழுத்தம்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தமானதே. ஆனால் மனத்தை அழுத்துவது எது என்று கேட்டால்தான் சங்கடம் பிறக்கிறது. “இந்தக் காலத்துப் பெண்களுக்கு மனவலிமை போதாது” என்கிறார் ஆலை மேலாளர். “மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும்” என்கிறார் அவர் அழைத்து வந்த வல்லுநர். “கண்ணேறு பட்டிருக்கும்” என்கிறாள் பாட்டி. மூவரும் வேறு வேறு மொழியில் ஒன்றையே சொல்கிறார்கள்: கோளாறு அவளிடத்தில்!

அப்படித்தானா? ஆலைக்குள்ளே சென்று பார்ப்போம்.

ஆடை ஆலையில் ஒருத்தி முழுச் சட்டையைத் தைப்பதில்லை. ஒருத்தி கழுத்துப் பட்டி தைக்கிறாள். அடுத்தவள் கை பொருத்துகிறாள். அதற்கடுத்தவள் பொத்தான் துளை போடுகிறாள். இப்படி வரிசையாக எந்திரங்கள். இதை ‘லைன்’ என்பார்கள். மணிக்கு இத்தனை ‘பீஸ்’ என்பது பலகையிலே எழுதப்பட்டிருக்கும். அதுதான் ‘டார்கெட்’. ஆங்கிலத்திலே அது அம்பு எய்வோரின் குறி. தமிழகத்து ஆலையிலோ அம்பும் அவளே, குறியும் அவளே. ஊசியில் நூல் அறுந்து ஒருத்தி சற்றுப் பிந்தினால் அவள் முன்னே துணி மலையாகக் குவிகிறது. அவளுக்கு அடுத்தவளின் கை வெறுமையாகிறது. வரிசையே அவளைத் திரும்பிப் பார்க்கிறது. திட்டுவதற்கு மேற்பார்வையாளர் வருமுன்பே, பக்கத்தில் இருக்கும் தோழி சலித்துக்கொள்கிறாள். உழைப்பவளையே உழைப்பவளுக்குக் காவலாக நிறுத்தும் சூழ்ச்சி இது! சவுக்கு தேவையில்லை, வரிசை போதும்.

பிறகு மேற்பார்வையாளரின் வாய். அதை இங்கே அச்சிட இயலாது. கூடத்தில் நூறு பேர் கேட்க, தாயையும் பிறப்பையும் இழுத்துப் பேசும் பேச்சு. அவனை மட்டும் பழித்துப் பயனில்லை. அவனுக்கு மேலே மேலாளர், மேலாளருக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே கடல் கடந்த வணிக நிறுவனம். கப்பல் புறப்படும் நாளை நிர்ணயித்தவன் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறான். விலையைக் குறைத்தவனும் அவனே. அங்கே குறைந்த விலையும் சுருங்கிய நாளும் படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் ஒரு கிராமத்துப் பெண்ணின் கழுத்து நரம்பிலே வந்து தங்குகின்றன.

நூற்பாலையின் கதை வேறு. அங்கே உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. ஓடும் எந்திரங்களுக்கிடையே நடந்துகொண்டே இருந்து, அறுந்த இழையை முடிபோட வேண்டும். இழை அறாமல் இருப்பதற்காகக் காற்றிலே ஈரம் ஏற்றியிருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசி மூக்கிலும் நெஞ்சிலும் படிகிறது. ஒரு வாரம் பகல், மறுவாரம் நள்ளிரவு என்று நேரம் மாறும்போது, உடலுக்கு எது காலை எது மாலை என்றே புரிவதில்லை. இயற்கைக் கடனைக் கழிக்கவும் கேட்டுப் போகவேண்டும். கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர்க் குழாயில் எரிச்சல் என்று மருத்துவரிடம் போவார்கள். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்பார் மருத்துவர்.

2019 ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறநிறுவனத்தின் செய்தியாளர்கள் தமிழகத்து ஆடை ஆலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களைச் சந்தித்து எழுதினர். மாதவிலக்கு வலி என்று சொன்னால், விடுப்பு இல்லை. பெயர் ஒட்டாத ஒரு மாத்திரை. விழுங்கிவிட்டு எந்திரத்துக்குத் திரும்பவேண்டும். என்ன மருந்து, என்ன விளைவு என்று சொல்வாரில்லை. எந்திரத்துக்கு எண்ணெய், பெண்ணுக்கு மாத்திரை!

வேலை கடினம் என்பதுதானா குறை? அன்று, தோழர்களே. நாற்று நடுவதும் களையெடுப்பதும் கடினந்தான். கடினத்துக்கு அஞ்சுபவள் அல்லள் நம் ஊர்ப் பெண். 1979 ஆம் ஆண்டில் ராபர்ட் கராசெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை வெளியிட்டார். வேலைப் பளு மட்டும் மனிதனை நொறுக்குவதில்லை. பளு மிகுதியாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் அவனுக்கு உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் நொறுங்குகிறான் என்பது அதன் சாரம். பின்னர் இங்கிலாந்து அரசு ஊழியர்களிடையே நடந்த நீண்ட ஆய்வும், தம் வேலைமீது அதிகாரம் குறைந்தவர்களுக்கே இதயநோய் மிகுதி என்று கண்டது. ஓயாமல் கட்டளையிடும் உயர் அதிகாரியைவிட, ஓயாமல் கட்டளை பெறும் கடைநிலை ஊழியனின் நெஞ்சே முதலில் பழுதாகிறது!

இதற்கு இங்கிலாந்து வரை செல்லவேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது.

இம்மாவட்டத்தின் கல்குவாரிகளில் பெண்கள் காலங்காலமாகக் கல் உடைத்தனர். பாறை அரசினுடையது, குத்தகை ஒப்பந்தக்காரருடையது, சம்மட்டி மட்டுமே பெண்ணுடையது. முன்பணம் வாங்கிய கடனுக்குக் குடும்பமே அடிமை. எத்தனை சட்டி சல்லி உடைத்தாள் என்று கணக்கெழுதுபவன் அவன். எழுதியதைப் படிக்கத் தெரியாதவள் இவள். 1991 இல் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் தொடங்கிற்று. குவாரிகளிலேயே பாடம் நடந்தது. அந்நாளைய மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத், குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு அளிக்க முன்வந்தார். பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கேலி பேசிய தெருவிலேயே மணி அடித்துக்கொண்டு சென்றனர்.

ஒன்றைக் கருதிப் பாருங்கள். பாறை அதே பாறை. வெயில் அதே வெயில். சம்மட்டியின் எடை ஒரு பலம்கூடக் குறையவில்லை. ஆனால் எப்போது தொடங்குவது, எப்போது குழந்தைக்குப் பால் கொடுப்பது, லாரிக்காரனிடம் என்ன விலை கேட்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். கூலிக்காரி என்று அழைக்கப்பட்டவள் கணக்குப் பேரேட்டில் கையெழுத்திட்டாள். உடல் களைத்தது, உள்ளம் குன்றவில்லை. குத்தகைதாரர்கள் சும்மா இருந்தார்களா? இழந்த பிடியைத் திரும்பப் பெற முழுமூச்சாய் முனைந்தார்கள். ஒரு நல்ல அதிகாரியின் ஆணையால் வந்ததை, அவர் மாற்றலாகிப் போனபின் காப்பது எளிதன்று. காக்கும் கடமை அமைப்புகளுக்கு உண்டு. அந்நாளில் அப்பெண்களுக்குப் பின்னால் எல்லா இயக்கங்களும் மலைபோல் நின்றன என்று சொல்லிக்கொள்ள என் நா எழவில்லை.

இனி, விடுதி. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகள் ஆள் சேர்த்ததை நீங்கள் அறிவீர்கள். மூன்றாண்டு வேலை செய். முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை மொத்தமாகத் தருகிறோம் என்பது பேரம். எத்தகைய பெயர் பாருங்கள்! பெற்றோரின் பயத்தை, வரதட்சணையின் கொடுமையை, தாலியின் மீதுள்ள ஆசையை மூன்றையும் சேர்த்து முறுக்கி நூலாக்கிவிட்டார்கள். இரண்டரை ஆண்டில் நோயுற்று வீடு திரும்பினால் மொத்தத் தொகை போயிற்று. எனவே நோயை மறைத்தாள், அவமதிப்பை விழுங்கினாள். விடுதிக் கதவுக்கு வெளிப்பூட்டு, தாயிடம் பேசவும் காவல். இப்போது அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. பெயர் போயிற்று, மதில் எங்கும் போய்விடவில்லை.

மதிலுக்குள் அடைபட்ட ஆவி ஒருநாள் வெளிவரத்தான் செய்யும். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தனர். “உணவுக்காகவா இவ்வளவு?” என்று வியந்தோர் உண்டு. உடன் தங்கியவள் உயிரோடிருக்கிறாளா என்பதைக்கூடச் சொல்ல ஆளில்லாத நிலைக்காக, தோழர்களே! விடுதிகளிலும் உணவுக் கூடங்களிலும் குறை இருந்ததென்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

அதே 2021 இன் சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி, ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள், கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளரே கைது செய்யப்பட்டார். அழுதுவிட்டு அடங்கிப்போகவில்லை அங்கிருந்த பெண்கள். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவாயிற்று. எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டு வணிக நிறுவனங்களும் கையெழுத்திட்டன. அதன் உயிர்நாடி எது? ஒவ்வொரு வரிசையிலும் தொழிலாளப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். வசைச்சொல்லையும் தொல்லையையும் அவர்கள் எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். புகார் கூறியவளைப் பழிவாங்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் என்பது போய், கேட்பதற்கு ஒருத்தி என்று ஆயிற்று. மூச்சுப் பயிற்சியால் குறையாத படபடப்பு இதனாலே குறைந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இருந்தது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. முப்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. இரவு 7 மணிக்குமேல் காலை 6 மணிவரை பெண்ணை வேலை வாங்காதே என்றது. அந்த இரவுத் தடையை 2000 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, வழக்குத் தொடுத்தவர்களிலே ஆலைப் பெண்களே இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. இரவுப் பணி இல்லையென்று சொல்லி வேலையையே மறுத்தார்கள். அவள் நீதி கேட்டுப் போனாள். ஆகவே, ‘பெண்ணுக்கேன் இரவுப் பணி’ என்று பழைய பெரியதனம் பேசுவது நம் வழியன்று. அவளை வீட்டுக்கு அனுப்புவது நோய்க்கு மருந்தாகாது.

ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்ணின் ‘சம்மதத்தோடு’ இரவுப் பணி என்கிறதே, அந்தச் சொல்லை நாம் உற்றுநோக்க வேண்டும். சம்மதம்! மறுத்தால் நாளை வேலை இருக்கும் என்ற உறுதி உடையவள் தருவது சம்மதம். விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருப்பவள் தருவது என்ன? தாளிலே கையொப்பம் இருக்கும். அதைச் சம்மதமென்று நீதிமன்றம் ஏற்கலாம், நாம் ஏற்கலாமா? மறுக்கும் துணிவை அவளுக்குச் சங்கமன்றி வேறெது தரும்?

சங்கம் வென்ற சான்றும் அண்மையிலே உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. பத்தே நாள். மே முதல் நாளன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இந்த இடம் நமக்குச் சற்றுக் கசக்கும். 2019 ஆம் ஆண்டு மைய அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். ஆலையில் எட்டு மணி, வண்டியில் இரண்டு மணி, அடுப்படியில் ஐந்து மணி. எஞ்சியது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று முழங்கும் நம் தோழரின் வீட்டிலே, அவர் முழங்கிவிட்டு வரும்வரை சோற்றைச் சூடாக வைத்துக்கொண்டு விழித்திருப்பவள் யார்? மறுநாள் நான்கு மணிக்கு எழவேண்டியவள். முதலாளி எட்டு மணி நேரம் அழுத்துகிறான் என்றால், மீதியை அழுத்துவது நாமல்லவா?

சங்கக் கூட்டம் என்றைக்கு? ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. அது அவள் வாரத்துத் துணியைத் துவைத்து முடிக்கும் நேரம். “பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை” என்று பொறுப்பாளர் அறிக்கை எழுதுகிறார்! வருவதற்கு ஏற்ற நேரத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு அவ்வறிக்கையை எழுதட்டும்.

ஆகவே, நார்த்தாமலை, கீரனூர், அன்னவாசல் பகுதித் தோழர்களுக்கு, ஏன், ஆலை வண்டி வந்து நிற்கும் ஒவ்வோர் ஊரின் தோழர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து எந்த ஆலைக்கு எத்தனை பெண்கள் போகிறார்கள் என்று கணக்கெடுங்கள். பெயர்ப் பட்டியல் கொடியேற்ற அல்ல, துணை நிற்க. பத்துப் பேருக்குக் குறையாத எந்த ஆலையிலும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்கவேண்டும். அதன் உறுப்பினர் பெயர் சுவரிலே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பத்துக்குக் குறைந்த சிறு பட்டறை என்றால் மாவட்ட அளவிலே உள்ளூர்க் குழு உண்டு. புதுக்கோட்டையில் அது எங்கே, யாரிடம் விண்ணப்பம் தருவது என்பதை அறிந்து, துண்டறிக்கையாக அச்சிடுங்கள். கூட்டத்தில் முழக்கமிடும் அறிக்கை வேண்டாம். பெண்கள் மடித்து இடுப்பிலே செருகிக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். சங்கக் கிளைப் பொறுப்பில் பாதியைப் பெண்களுக்குக் கொடுங்கள். மேடை அலங்காரத்துக்காக அன்று, நிர்வாகத்தோடு பேசும் மேசைக்கு முன்னால்.

பங்குனியிலே நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா வருகிறது. கோவையிலும் திருப்பூரிலும் இருக்கும் பெண்கள் விடுப்புக் கேட்டு ஊர் திரும்பும் நாள்கள் அவை. விடுப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, வராதவள் ஏன் வரவில்லை என்பதை அந்த நாள்களில் வீடு வீடாகச் சென்று நம் மகளிர் தோழர்கள் கேட்டறியட்டும். ஆண் தோழர்கள் அந்த நாள்களில் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்டறிந்ததைச் சித்திரைக்குள் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில், பெண்களின் பெயரை மறைத்து, ஆலையின் நடப்பை மறைக்காமல் வெளியிடுவோம்.